அல்சைமர் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை: பணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவை

வீட்டில் மறதி நோயால் தாயோ தந்தையோ அவதியுறும்போது, நிலத்தை அடகு வைத்தேனும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு சிகிச்சை அளிக்கலாமா என்று பலர் வினவுகின்றனர். அல்சைமர் நோய்க்கு இச்சிகிச்சை இன்னும் நிறுவப்படவில்லை. ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இந்நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2025 மார்ச் மாதம் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெறப்பட்ட செல்கள், லேசான பாதிப்புடைய நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டன. பங்கேற்றோர் 49 பேர். அவர்களுள் ஒரு பிரிவினர் பெற்றது போலி மருந்து. பாதுகாப்பைச் சோதிப்பதே முதன்மை நோக்கம், அது நிறைவேறியது. மூளை சுருங்கும் வேகம் குறைந்ததற்கான அறிகுறிகளும் தென்பட்டன. ஆயினும், 49 பேரை நான்கு பிரிவுகளாகப் பகுத்த ஆய்வைக் காட்டி நினைவாற்றல் திரும்பும் என்று எவரும் உறுதியளிக்க இயலாது. அழிந்த நரம்பணுக்களின் இடத்தில் புதியவை முளைக்கும் என்ற விளக்கமும் பொருந்தாது. இச்செல்கள் மூளையின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகள் தவிர, ஏனைய நோய்களுக்கு ஸ்டெம் செல்களை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆகவே, ‘இது ஆய்வு’ என்று கூறப்பட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘உங்கள் செல்லையே உங்களுக்குச் செலுத்துகிறோம், தீங்கு நேராது’ என்பதும் அடிக்கடி கூறப்படும் வாதம். 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், தத்தம் உடற்கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் இரு கண்களிலும் செலுத்தப்பட்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தனர். அதற்காக ஒவ்வொருவரும் 5,000 டாலர் செலுத்தியிருந்தனர்!

மறதி அனைத்தும் அல்சைமர் அன்று. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் நினைவு மங்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அல்சைமர் என உறுதியானால், டோனெப்சில் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்தாவிடினும் அறிகுறிகளைச் சில காலம் ஓரளவு தணிக்கும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவை அணுகுங்கள். நோயாளி தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையுடன் எடுத்து வாருங்கள்.