சைக்கிள் கொடுத்த அரசு பாதையும் கொடுக்கட்டும்

நடப்பதற்கு ஆகும் உழைப்பிலேயே மூன்று மடங்கு தொலைவைக் கடக்க வைக்கும் வண்டி சைக்கிள். இருபது கிலோ அளவே எடையுள்ள அந்த இரும்புச் சட்டம் தன்னைவிடப் பல மடங்கு சுமையைத் தாங்கும். இருபுறமும் பால்கேன், கேரியரில் அரிசி மூட்டை, கொக்கியில் தொங்கும் எரிவாயு சிலிண்டர், குறுக்குக் கம்பியில் குழந்தை என்று பல தலைமுறைகளின் அன்றாடப் பாடு அதன்மேல்தான் நகர்ந்தது. பெட்ரோல் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பஞ்சர் ஒட்ட ஊரில் ஒரு கடை இருந்தால் போதும்.

சைக்கிளின் காலம் முடிந்துவிட்டதாகப் பேசுவது தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போவோரில் நாடு முழுவதும் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போனவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. அதன்பின் நிலைமை மாறியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் கட்டட வேலைக்கும் பட்டறைக்கும் காய்கறிச் சந்தைக்கும் இன்றும் சைக்கிளில் போகிறவர்களின் கணக்கை எந்தச் சாலைத் திட்டமும் எடுத்துக்கொள்வதில்லை.

சைக்கிள் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் பேரணி போனார்கள். கல் குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. தண்ணீர் எடுக்கவும் விளைந்ததை விற்கவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே பள்ளி சைக்கிள் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 2001-02இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் படிப்படியாக விரிந்து, இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் சைக்கிள்களைக் கொண்டுசேர்க்கிறது. இலவசம் என்று இதை இளக்காரமாகப் பேசுவோருக்குப் பீகாரே பதில். அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் கொடுத்ததன் விளைவைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தார்கள். பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தொலைவுதான் படிப்பை நிறுத்தியது. சைக்கிள் அந்தத் தொலைவைச் சுருக்கியது.

ஆனால் வாங்கிய சைக்கிளைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எங்கே ஓட்டுவது? நான்கு வழிச் சாலைகள் பல ஊர்களை இரண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. எதிர்ப்புறம் தெரியும் பள்ளிக்குப் போக, நடுத்திட்டில் திறப்பு வரும்வரை ஒன்றிரண்டு கிலோமீட்டர் மிதித்துத் திரும்பி வர வேண்டும். அதனால் பிள்ளைகள் எதிர்த் திசையில் ஓரமாக ஓட்டுகிறார்கள், லாரி முகத்துக்கு நேரே வருகிறது. விதிமீறல் என்று அதற்குப் பெயரிடுவது எளிது. அப்படிப் போகும்படி சாலையை வடிவமைத்ததுதான் முதல் தவறு. மற்ற சாலைகளில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடிப் பள்ளம். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தால் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். மழைநீர் வடிகாலின் மூடிக் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீள வாட்டத்தில் இருந்தால் மெலிந்த டயர் உள்ளே சிக்கிக்கொள்ளும். குறுக்காகப் போட்டால் சிக்காது, கூடுதல் செலவும் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிய புளிய மரங்களோடு சைக்கிளில் போகிறவரின் நிழலும் போயிற்று. வெயில் ஊரில் சைக்கிள் சரிவராது என்று சொல்கிற அதிகாரிகள் அந்த மரங்களைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சென்னையின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1970இல் நகரின் பயணங்களில் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. 2008 ஆய்வில் அது சுமார் 6 விழுக்காடு. சரிவைத் தடுக்க நினைத்த மாநகராட்சி, 2014இல் நாட்டிலேயே முன்னோடியாக மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காடு நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்றது அந்தக் கொள்கை. சில நடைபாதைகள் நன்றாகவே அமைந்தன. சைக்கிள் பாதை என்று அங்கங்கே வண்ணம் தீட்டிய இடங்களோ கார் நிறுத்தங்களாக மாறின. வண்ணக் கோட்டால் ஒரு காரையும் தடுக்க முடியாது. ஒரு சாண் உயரத் தடுப்பு தடுக்கும்.

வரியிலும் இதே மனப்பான்மைதான் இருந்தது. 2019இல் மின்சாரக் காருக்கான ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைந்தது. எந்த எரிபொருளும் கேட்காத சைக்கிளுக்கு 12 விழுக்காடு நீடித்தது. அதை 5 ஆக்க 2025 செப்டம்பர் வரை ஆயிற்று.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியையும் மையமாக வைத்து 5 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் சைக்கிள் வழிகளை வரைய வேண்டும். பள்ளி அருகே வேக வரம்பு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி 30இல் வருவதைவிட நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அறிவிப்புப் பலகை மட்டும் போதாது, வேகத்தடையும் வேண்டும். நான்கு வழிச் சாலைகளில் ஊருக்கு ஊர் தாழ்வான சுரங்கப்பாதையும் தொடர்ச்சியான இணைப்புச் சாலையும் வேண்டும். பேருந்து நிலையங்களில் பைக்குகள் விழுங்கிவிட்ட சைக்கிள் ஸ்டாண்டுகளைக் கூரையோடு மீட்க வேண்டும்.

இதற்குத் தனித் துறை தேவையில்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை சைக்கிள் வழங்கும் பள்ளிகளின் பட்டியலை ஆண்டுதோறும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் அனுப்பட்டும். அந்தப் பள்ளிகளுக்குச் செல்லும் சாலைகளின் ஓரம் சீரமைக்கப்பட்டதா என்ற அறிக்கை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் சட்டமன்றத்தில் வைக்கப்படட்டும்.