கானாவூர் இரசமும் நம்மூர் மதுவும்



திருமணத் திருப்பலி முடிந்து விருந்துக்குச் செல்லும்போது, பந்தலின் பின்புறமிருந்து சற்றுத் தள்ளாடியபடி வரும் ஒருவர், நம்மைக் கண்டதும் துண்டால் வாயை மூடிக்கொண்டு கேட்பார்: "சாமி, கானாவூர் கல்யாணத்துல ஆண்டவரே ஆறு தொட்டி இரசம் கொடுத்தாரே, நாங்க குடிச்சா மட்டும் தப்பா?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவது உண்டு. ஆனால் சில நாட்கள் கழித்து அவருடைய மனைவி பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமும் போய்விட்டது என்று அழும்போது, சிரித்துவிட்டு நகரக்கூடிய கேள்வி அல்ல அது என்பது புரிகிறது. எனவே இந்த வாரம் அதையே சிந்திப்போம்.

விவிலியம் என்ன சொல்கிறது?

முதலில் உண்மையை ஒளிக்காமல் சொல்வோம். திருவிவிலியம் திராட்சை இரசத்தைத் தீயது என்று ஒதுக்கவில்லை. மனித உள்ளத்தை மகிழ்விக்கக் கடவுள் தந்த கொடைகளில் ஒன்றாகத் திருப்பாடல் ஆசிரியர் அதைப் போற்றுகிறார் (திபா 104:15). மலைகளில் இனிய இரசம் வழியும் நாளை ஆமோஸ் இறைவாக்கினர் காண்கிறார் (ஆமோ 9:13). நல்ல சமாரியர் காயத்துக்கு எண்ணெயும் இரசமும் வார்க்கிறார் (லூக் 10:34). திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிதளவு இரசம் பயன்படுத்துமாறு பவுலடியார் அறிவுரை கூறுகிறார் (1 திமொ 5:23).

ஆனால் அதே விவிலியம், திராட்சைத் தோட்டம் போட்ட நோவாவே குடிபோதையில் தம் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்ததையும் மறைக்கவில்லை (தொநூ 9:20-21). யாருக்குத் துன்பம், யாருக்குச் சண்டை, யாருக்குச் சிவந்த கண்கள் என்று கேட்டு, குடியில் பொழுது கழிப்போருக்குத்தான் என்று நீதிமொழிகள் நூல் விடை தருகிறது (23:29-35). விடியற்காலையிலேயே மதுவைத் தேடி ஓடுவோரை எசாயா கண்டிக்கிறார் (5:11). அளவோடு பருகினால் வாழ்வு, அளவு மீறினால் கசப்பு என்பது சீராக்கின் படிப்பினை (31:27-30). ஆண்டவரின் திருவிருந்துக்கு வந்த இடத்திலேயே சிலர் குடிவெறியிலும் சிலர் பசியிலும் இருந்ததைப் பார்த்துப் பவுலடியார் கொதித்தெழுகிறார் (1 கொரி 11:21).

ஆக, விவிலியத்தில் இரசம் என்பது எல்லாரும் ஒன்றாக அமரும் விருந்தின் அடையாளம். அந்த விருந்தைக் குலைக்கும்போது அதுவே கண்டனத்துக்கு உள்ளாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கும்.

இரசம் வேறு, பிராந்தி வேறு

அன்றைய பாலஸ்தீன மக்கள் பருகியது திராட்சைப் பழச்சாறு இயல்பாகப் புளித்து உண்டான இரசம். அதில் தண்ணீர் கலந்து பருகுவது இனிமை தரும் என்று மக்கபேயர் இரண்டாம் நூலின் கடைசி வசனம் குறிப்பிடுகிறது (15:39). இயல்பாகப் புளித்த இரசத்தில் போதைப் பொருளின் அளவு பொதுவாக நூற்றுக்கு 12 அல்லது 14 பங்கைத் தாண்டாது. காய்ச்சி வடித்தெடுக்கும் சாராய வகைகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். கானாவூரைச் சொல்லி இந்தப் பாட்டிலைத் திறப்பது பொருந்தாது.

அது மட்டுமல்ல. கானாவில் நடந்தது என்ன? ஓர் ஏழைக் குடும்பம் ஊரார் முன்னிலையில் தலைகுனியும் நிலை. அதை முதலில் கவனித்தவர் அன்னை மரியா. இரசம் தீர்ந்துவிட்டது என்று மகனிடம் சொன்னார். ஆண்டவரும் அந்த வீட்டின் மானத்தைக் காத்தார். இன்று அந்தத் தாய் நம் வீடுகளுக்கு வந்தால் எது தீர்ந்துவிட்டது என்று சொல்வார்? அரிசி தீர்ந்துவிட்டது, மருந்து தீர்ந்துவிட்டது, பிள்ளைகளின் சிரிப்பு தீர்ந்துவிட்டது என்றுதானே! கானாவில் ஒரு வீட்டின் குறை நிறைவானது. நம்மூரில் இருப்பதும் காலியாகிறது.

நம் ஊரின் நிலை

2024 ஜூன் மாதத்தை மறக்க முடியுமா? நமது திருவண்ணாமலை மாவட்டத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தினக்கூலிகள். பெண்களும் அவர்களில் இருந்தனர். சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், உடலுக்குள் சென்றதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பார்வை போகும், பிறகு உயிரும் போகும். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே கொடுமை நடந்தது. கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பின் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. அண்டை வீட்டாருக்குக் குடிக்கக் கொடுத்து மயக்குகிறவனுக்கு ஐயோ கேடு என்ற பொருளில் அபக்கூக்கு எச்சரிப்பது (2:15) கள்ளச்சாராய வியாபாரியை மட்டுமா குறிக்கிறது?

நமது மாநிலத்தில்தான் 1937-ஆம் ஆண்டு இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்பு மாநிலம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2024-25 நிதியாண்டில் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அரசுகளுக்கு வழிகாட்டுகிறது. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் துறந்தார். ஆயினும் கடைகளின் முன் கூட்டம் குறையவில்லை. அரசைக் குறை சொல்வது எளிது. குறை சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் பங்கு மக்களும் நிற்கிறார்கள் என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

திருமுழுக்கு விருந்து, புதுநன்மை விருந்து, கிறிஸ்மஸ் இரவு, ஏன், துக்க வீட்டிலும் பாட்டில் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. தேர் இழுப்பவர்கள் தெம்புக்காகக் குடிக்க வேண்டும் என்று நியாயம் பேசுபவர்களும் உண்டு. நம் நகரில் கார்த்திகைத் தீபத்தின்போது மதுக்கடைகளை மூடச் சொல்லி மாவட்ட நிர்வாகம் ஆணையிடுவது வழக்கம். இந்து சகோதரர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பக்தியோடு நடந்து வருகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர், கழற்றும் வரை மதுவைத் தொடுவதில்லை. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம்மவர்களும் அந்த நாட்களில் குடிப்பதில்லை. அப்படியானால் விட முடியும் என்பது தெரிகிறதே! திரும்பி வந்த மறுநாள் மட்டும் ஏன் முடியாமல் போகிறது?

அப்படியானால் குடிக்கலாமா?

ஒரு வாய் பருகுவதே பாவம் என்று திருச்சபை போதிக்கவில்லை. திருப்பலியில் திராட்சை இரசமே ஆண்டவரின் திருஇரத்தமாகிறது. அளவுமீறிய குடியைத் தவிர்ப்பது அளவுடைமை என்னும் நற்பண்பின் கடமை என்றும், போதையில் வாகனம் ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது கனமான குற்றம் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் கூறுகிறது.

ஆனால் கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எனக்கு அனுமதிக்கப்பட்டதா?' என்பதோடு நிற்பதில்லை. 'என் சகோதரனுக்கு இது தடைக்கல் ஆகுமா?' என்பதும் கேள்வி. அப்படி ஆகுமென்றால் இறைச்சியையும் இரசத்தையும் விட்டுவிடுவதே நல்லது என்கிறார் பவுலடியார் (உரோ 14:21). கானாவில் இரசம் தந்த ஆண்டவர், தம்மைக் கையளித்த இரவில், இறையாட்சி வரும்வரை திராட்சைப் பழரசம் பருகப் போவதில்லை என்றார் (மாற் 14:25). கல்வாரியில் வலியை மரக்கச் செய்யும் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தையும் ஏற்கவில்லை (மாற் 15:23). நமக்காகத் தெளிந்த மனத்தோடு துன்புற்றவர் அவர்.

இத்தனை விதவைகளும் இத்தனை கடைகளும் உள்ள நம் ஊரில், குடிக்காமல் இருப்பதே இன்று அன்பின் வழி என்பது நமது தாழ்மையான கருத்து. இது குருக்களாகிய நமக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

குடிநோயாளியைக் கேலி செய்வதும் ஒதுக்குவதும் வேண்டாம். அது மருத்துவம் தேவைப்படும் நோய். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடலுக்கே ஆபத்து நேரலாம். எனவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் தமிழகத்திலும் கட்டணமின்றிக் கூடுகின்றன. டப்ளின் நகரின் கூலித் தொழிலாளி மேட் டால்பட், 28 வயதில், 1884-இல் குடியை விட்டு, 1925-இல் இறக்கும்வரை அந்த வாக்கைக் காத்தார். அன்றாடத் திருப்பலி அவருக்குத் துணை நின்றது. இன்று அவர் வணக்கத்திற்குரியவர்.

அன்பியங்களில் பேசுங்கள். அடுத்த திருமணத்தை, அடுத்த திருமுழுக்கை மது இல்லாமல் நடத்த ஒரு குடும்பம் முன்வரட்டும். அடுத்த வீடு பின்தொடரும். குடிக்கிறவரின் மனைவி, மக்களின் பசியை அன்பியம் கவனிக்கட்டும். அன்னை மரியாவைப் போல, எந்த வீட்டில் எது தீர்ந்துவிட்டது என்று பார்க்கும் கண்கள் நமக்கு வேண்டும்.

அடுத்த முறை பந்தலில் அந்தச் சகோதரர் கேட்டால் சிரித்துவிட்டு நகரப் போவதில்லை. "ஐயா, கானாவில் ஆண்டவர் ஒரு வீட்டின் கண்ணீரைத் துடைத்தார். உங்கள் வீட்டுக் கண்ணீரையும் துடைப்போம், வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்து வருவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக!