புகைபோக்கியில் சிக்கனம் வேண்டாம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1808-இல் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் திறந்த இரும்புத் தட்டியில் ஆந்த்ரசைட் நிலக்கரியை எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று ஏறினால் கல் போன்ற அந்தக் கரி தானே கனன்று எரியும் என்பது ஊருக்கு விளங்கியது. பழைய கணப்புக்குள் நிலக்கரி அடுப்பைப் பொருத்திக் குளிர்காலத்தைக் கடக்கிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மூடிய அடுப்பு அதை அறைக்குள் நிறுத்துகிறது. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், அடுப்புக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டுப் புகைபோக்கியில் மிச்சம் பிடிப்பதை ஏற்கவே முடியாது. நிலக்கரியிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உட்குழாயை அரிக்கும். குழாய் ஓட்டையானாலோ, சாம்பல் அடைத்தாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் விழிக்காமலே போகலாம். நிலக்கரிக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உட்குழாய், ஆண்டுதோறும் சுத்தம், படுக்கையறை அருகே எச்சரிக்கைக் கருவி ஆகிய மூன்றையும் அடுப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இவற்றுக்குப் பணம் போதவில்லை என்றால், அடுப்பு வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.