ஒரே வெள்ளிக்கிழமையில் வந்த இரண்டு இசைத்தட்டுகள்

1968-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று இங்கிலாந்தில் இரண்டு இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, சித்திரமோ வர்ணமோ இல்லாத வெள்ளை உறையில் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட இரட்டைத் தட்டு. அதைப் பற்றி உலகம் இன்னும் பேசி ஓய்ந்தபாடில்லை. மற்றொன்று, கிங்க்ஸ் குழுவினரின் 'வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி'. கிராமத்துப் புல்திடலைப் பாதுகாக்கும் சங்கம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அதற்கு ஓர் ஓரத்து இடம்கூடக் கிடைக்கவில்லை. இவ்விரண்டில் எதை நான் அதிகமாகச் சுழலவிடுகிறேன் என்று கேட்டால், சற்றும் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். பீட்டில்ஸ் பக்தர்கள் க்ஷமிக்க வேண்டும்.

கிங்க்ஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1964-ல் பிரசித்தி பெற்ற 'யூ ரியலி காட் மீ'. தம்பி டேவ் டேவிஸ் தம்முடைய சிறிய ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர பிளேடினால் கீறிவிட்டு, அந்தக் கீறலின் உறுமலையே சங்கீதமாக்கினார். பாட்டை இயற்றியவர் அண்ணன் ரே டேவிஸ். அவ்வளவு ஆவேசமாகத் தொடங்கியவர்கள், நான்கே வருஷங்களில், பழைய பள்ளித் தோழனைப் பற்றியும், குடும்பத்துப் புகைப்பட ஆல்பத்தைப் பற்றியும், ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் மெல்லிய குரலில் பாட வந்தார்கள். வந்த காலமோ, ஹெண்ட்ரிக்ஸின் கிதார் வானத்தைப் பிளந்துகொண்டிருந்த காலம். ரோலிங் ஸ்டோன்ஸ் தெருச் சண்டையைப் பாடிய காலம். அந்தச் சந்தடியில் புல்திடலைப் பற்றி யார் காது கொடுப்பார்கள்?

ஆனால், பழி முழுவதையும் காலத்தின்மேல் போடுவது நியாயமன்று. அமெரிக்க இசைக் கலைஞர் சம்மேளனம் 1965 முதல் நான்கு வருஷங்கள் கிங்க்ஸுக்கு அந்நாட்டில் கச்சேரி செய்யும் அனுமதியை மறுத்திருந்தபடியால், மிகப் பெரிய சந்தை அவர்களுக்கு அடைபட்டுக் கிடந்தது. அது ஒரு துரதிர்ஷ்டம். மற்றொன்றை ரே டேவிஸே தேடிக்கொண்டார். பன்னிரண்டு பாடல்களுடன் செப்டம்பரில் வெளியாக இருந்த தட்டை, இன்னும் பாடல்கள் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நிறுத்தி, பதினைந்தாக்கி, நவம்பருக்குத் தள்ளிவிட்டு, வந்து வந்து அந்த வெள்ளிக்கிழமையிலேயே வந்து சேர்ந்தார். முகூர்த்தம் பார்ப்பதில் நம்மவர்களுக்குள்ள கவனத்தில் கால் பங்கு அவருக்கு இருந்திருந்தால் இந்தப் பத்திக்கே அவசியம் நேர்ந்திராது.

இந்தத் தட்டைக் 'கடந்த காலத்துக்காக ஏங்கும் பாட்டுகள்' என்று ஒற்றை வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிற விமரிசகர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 'டூ யூ ரிமெம்பர் வால்டர்' என்ற பாட்டைக் கேளுங்கள். பால்ய சிநேகிதனை நினைத்து உருகத் தொடங்குகிறவன், இப்பொழுது அவனைச் சந்தித்தால் பருத்துப்போய், கல்யாணமாகி, இரவு எட்டரை மணிக்கே படுத்துவிடுகிறவனாய் இருப்பான் என்றும், தன் பேச்சு அவனுக்குச் சலிப்பையே தரும் என்றும் தானே கண்டுகொள்கிறான். இது ஏக்கமா, ஏக்கத்தைப் பற்றிய சந்தேகமா? 'லாஸ்ட் ஆஃப் தி ஸ்டீம் பவர்ட் டிரெயின்ஸ்' இன்னும் நுட்பமானது. அந்த வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதிதான் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதானப் பாதையில் நீராவி எஞ்சின் கடைசி முறையாகப் பிரயாணிகளை இழுத்துச் சென்றது. பாட்டில் அந்த எஞ்சின் காட்சிசாலைப் பொருளாகிவிட்டது; கூடவே ஒலிக்கும் கிதார் மெட்டோ, ஹவ்லின் உல்ஃப் பாடிய 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' என்ற ப்ளூஸ் பாட்டின் சாயலில் அமைந்தது. ப்ளூஸைப் பயின்று மேடையேறிய ஆங்கிலேய இளைஞர்களில் கடைசியாக எஞ்சி நிற்கும் பழைய எஞ்சின் நான்தான் என்று ரே டேவிஸ் தம்மையே பரிகாசம் செய்துகொள்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

குறை இல்லாமலில்லை. 'மோனிக்கா' பாட்டின் கரீபியத் தாளம் இரவல் வாங்கிய சட்டை போல் தொளதொளவென்று இருக்கிறது. 'ஃபினாமினல் கேட்' குழந்தைகளுக்குத்தான் ஆகும். ஆயினும், மனிதரின் துயரத்தைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நிற்கும் ஆகாயத்தைப் பற்றிய 'பிக் ஸ்கை' ஒன்றுக்காகவே, எவ்வளவோ பெயர்பெற்ற தட்டுகளை நான் விட்டுக்கொடுப்பேன். அதில் மிக் ஏவரியின் டிரம் வாசிப்பைத் தனியே கவனிக்க வேண்டும்.

1969-ல், பாஸ் கிதார் வாசித்துவந்த பீட் குவைஃப் குழுவைவிட்டு விலகினார். ஆதியில் சேர்ந்த நால்வரும் கூடி முடித்த கடைசி ஆல்பம் இதுவே. கேட்காதவர்கள் 'வால்டர்' பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பிடிக்கவில்லையானால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், சண்டை பிடிக்கச் சித்தமாயிருக்கிறேன்.