பணம் கட்டுவதற்கு முன்பு

புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அறந்தாங்கியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் உங்கள் கைக்கு வரும் மனுக்களில் சில என் கடையில் டைப் அடித்தவை. விசாவும் டிக்கெட்டும் பிரின்ட் எடுக்கப் பையன்கள் வருவதும் இதே கடைக்குத்தான். கிளம்புகிறவனையும் பார்க்கிறேன், பிறகு அவனுக்காக மனு எழுத வரும் அம்மாவையும் பார்க்கிறேன். நடுவில் எது விட்டுப்போகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். மகன் சவுதிக்குப் போய்ப் பதினான்கு மாதம். நான்கு மாதமாகப் பணம் வரவில்லை, போனும் வரவில்லை.

"கம்பெனி பேர் என்னம்மா?"

"பெரிய கம்பெனின்னு சொன்னான் தம்பி."

"எந்த ஊர்ல?"

"சவுதிதான்."

"பாஸ்போர்ட் நம்பர் இருக்கா?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது ஏஜென்ட்டின் செல் நம்பர். அடித்துப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப். மூன்று இடங்களைக் காலியாக விட்டு மனுவை பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அது உங்கள் அலுவலகத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லி வழியாக ரியாத் தூதரகத்துக்கும் போகும். காலி இடங்களும் கூடவே போகும். கம்பெனி பெயரே தெரியாமல் தூதரகம் யாரிடம் போய் விசாரிக்கும்?

நம் ஊரில் பயணத்துக்குத் தயாராவது என்றால் பெட்டி கட்டுவதுதான். ஒரு வாரம் வீடே அமளிப்படும். ஊறுகாய், பருப்புப் பொடி, அரைத்த குழம்பு மசாலா. குருமாவுக்கு ஆகுமே என்று ஒரு பொட்டலம் கசகசா. அந்தக் கசகசா சவுதியிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் கணக்கில் வரும் என்பது பெட்டி கட்டும் அம்மாவுக்குத் தெரியாது. டிரமடால் கலந்த வலி மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே கெடுபிடி உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றைக் கொண்டு இறங்கினால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ள நேரும்.

சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெறாத ஏஜென்ட் ஆள் எடுக்கக் கூடாது. ஏஜென்ட் கூலி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். கூடவே 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. கிளம்பும் முன் ஒரு நாள் பயிற்சி வகுப்பும் உண்டு.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வகுப்பு வரும்போது நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். வட்டி ஓடத் தொடங்கிய பிறகு, "ஏஜென்ட்டை விசாரித்தீர்களா?" என்று கேட்டால் பையன் என்ன சொல்வான்? இனித் திரும்ப முடியாது என்றுதான் நினைப்பான். விசிட் விசாவில் போகிறவனுக்கு அந்த வகுப்புகூடக் கிடையாது. "இப்ப விசிட்ல போ, அங்க மாத்திக்கலாம்" என்பார்கள். அனுமதி இல்லை, காப்பீடு இல்லை, வேலை செய்தால் குற்றம். "ஃப்ரீ விசா" என்றும் ஒன்றை விற்கிறார்கள். வளைகுடா நாடுகளின் சட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு விசா இல்லை. கம்போடியா, மியான்மர் என்று டேட்டா என்ட்ரி வேலைக்குக் கூட்டிப் போய், இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்த கதைகளை நீங்களும் அறிவீர்கள்.

சொல்ல வேண்டியதைப் பணம் கட்டுவதற்கு முன்பு சொல்ல வேண்டும், ஊரிலேயே சொல்ல வேண்டும். அதற்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் கூலி எவ்வளவு, விசிட் விசாவில் வேலைக்குப் போனால் என்ன ஆகும், பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்று வாசித்தால் போதும். அம்மாக்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபார்க்கலாம். அதை இ-சேவை மையங்களில் இலவசமாகப் பார்த்து, தாளில் எடுத்துத் தர உத்தரவிடுங்கள்.

மூன்று, வெளிநாடு போகிறவர் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒரு கோப்பு இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல், ஏஜென்ட்டின் பதிவு எண், பணம் கட்டிய ரசீது. நிலம், வங்கி வேலைகளுக்குப் பவர் பத்திரம் தேவைப்படுமென்றால் அதையும் கிளம்பும் முன்பே எழுதி வைத்துவிடலாம். அங்கே போன பிறகு தூதரகத்துக்கு அலைந்துதான் அதை வாங்க வேண்டும். இப்படி ஒரு பட்டியலை உங்கள் அலுவலகம் அச்சிட்டு கிராம நிர்வாக அலுவலர் மூலம் கொடுக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா போகும்போது மகனின் போட்டோவைக் காட்டினார். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. விசாவையும் ஒப்பந்தத்தையும் என்னிடம்தான் பிரின்ட் எடுத்தான். கம்ப்யூட்டரில் தேடினேன், எப்போதோ அழித்தாயிற்று. "வீட்டுக்கு ஒரு காப்பி வேண்டாமா?" என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இப்போது யாரையும் அந்தக் காப்பி இல்லாமல் அனுப்புவதில்லை, அதற்குக் காசும் வாங்குவதில்லை. என் கடைக்கு வராதவர்களுக்கு நீங்கள்தான் ஐயா செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
அறந்தாங்கி.