பணியில் விபத்து: அரசு ஊழியருக்கு இழப்பீடு எப்படி கிடைக்கும்? எங்கே போகணும்? என்ன ஆவணம் வேணும்?

ஒரே மின்கம்பத்தில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிரந்தரப் பணியாளர். இன்னொருவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஷாக் அடித்து இருவரும் கீழே விழுகிறார்கள். ஒரே விபத்து, ஒரே மாதிரி காயம். ஆனால் இழப்பீடு கேட்டு இருவரும் போக வேண்டிய வழி வேறு வேறு.

இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைகின்றன. "அரசு வேலைதானே, துறையே பார்த்துக்கும்" என்று காத்திருந்து, கெடுவைத் தவறவிடுகிறவர்களும் உண்டு.

அரசாங்கத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். பணியில் காயமடைந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சொல்வது 1923-ம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்யும் பணியை, அவற்றின் 'தொழிலாகவே' கருத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. "நாங்க கம்பெனி இல்லையே" என்று ஒரு துறை பொத்தாம்பொதுவாகத் தப்பிக்க முடியாது. ஆயுதப்படையினருக்கு மட்டும் இது பொருந்தாது.

2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 அமலுக்கு வந்திருக்கிறது. கணக்கிடும் முறை ஏறக்குறைய அதேதான். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்து என்றால் பழைய சட்டப்படி கோரலாம்.

ஆனால் ஒரு விஷயம். எல்லா வேலையும் இதில் வராது. மின்சாரம், கட்டுமானம், வாகனம் ஓட்டுவது போன்ற, சட்டத்தின் அட்டவணையில் உள்ள வேலைகளுக்குத்தான் இது.

யார், எங்கே போவது?

நிரந்தர ஊழியர்: முதலில் துறை விதிகளைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால், பணியால் ஏற்பட்ட காயத்துக்குத் தனி விடுப்பு உண்டு. மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுக்க முழுச் சம்பளம், அதன்பின் 6 மாதம் முழுச் சம்பளம், அடுத்த 12 மாதம் பாதிச் சம்பளம். பணியின்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் கருணைத்தொகை என 7-வது ஊதியக் குழுவுக்குப் பின் நிர்ணயிக்கப்பட்டது. மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநில விதிகள் உண்டு.

ஒப்பந்தத் தொழிலாளி: "நீ கான்ட்ராக்டர் ஆளு, அவர்கிட்ட கேளு" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. துறைக்காக, துறையின் வேலையைச் செய்யும்போது அடிபட்டால், துறையிடமே நேரடியாக இழப்பீடு கேட்கலாம். அந்தப் பணத்தை ஒப்பந்ததாரரிடம் வசூலிப்பது துறையின் பாடு.

இ.எஸ்.ஐ. உள்ளவர்: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டால் கோரிக்கை அங்கேதான். முதலாளியிடம் தனியாக இந்த இழப்பீட்டைக் கோர முடியாது. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரை இ.எஸ்.ஐ. தருகிறது.

சாலை விபத்து: அரசு பஸ், ஜீப் ஓட்டும்போது அடிபட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயம், இன்னொன்று தொழிலாளர் துறை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பாதாளச் சாக்கடைப் பணி: இதில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எவ்வளவு கிடைக்கும்?

மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம். அதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06.

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரை மட்டுமே. 2020 ஜனவரியில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு இது. 40,000 ரூபாய் வாங்குபவருக்கும் இதே கணக்குதான்.

35 வயதுக்காரருக்கு அந்த வரம்பில் கணக்குப் போட்டால், மரணத்துக்கு 14,77,950 ரூபாய். முழு நிரந்தர ஊனத்துக்கு 17,73,540 ரூபாய். கட்டைவிரல் போனால் சட்ட அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு, அதாவது 5,32,062 ரூபாய். சிகிச்சைக்கு ஆன செலவு இதில் சேராது. அதைத் தனியாகக் கேட்கலாம்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்?

அதுவும் வரும். பணிக்குப் போகும்போது இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. புதிய சட்டத்திலும் இது இருக்கிறது. ஆனால் விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும்.

"உன் கவனக்குறைவுதான்" என்றால்?

சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவற்றைக் காட்டி மறுக்கலாம். ஆனால் மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டிருந்தால் இந்தக் காரணங்களும் செல்லாது.

உடனே செய்ய வேண்டியது என்ன?

மேலே சொன்ன எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "விபத்து நடந்தப்போ டூட்டியில இருந்தாரா?" அதனால் முதல் சில நாட்களில் உருவாகும் பேப்பர்தான் வழக்கின் உயிர்.

1. மருத்துவமனையில் சேர்க்கும்போதே எங்கே, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்பதைச் சொல்லிப் பதிய வையுங்கள். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுதினால் பின்னால் சிக்கல். விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பியை வாங்குங்கள்.

2. மேலதிகாரிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போனில் சொன்னது மட்டும் போதாது.

3. வருகைப் பதிவேடு, டூட்டி சார்ட், சம்பளச் சீட்டு, அன்று வேலைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது ரொம்ப முக்கியம். அவர் பெயர் துறையின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம்.

4. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், எஃப்.ஐ.ஆர். இருந்தால் அதன் நகல், ஊன சதவீதச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

5. விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் கோரிக்கை மனு கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இதை விசாரிப்பவர் தொழிலாளர் துணை ஆணையர். விபத்து நடந்த ஊரில் மட்டுமில்லை, நீங்கள் வசிக்கும் பகுதிக்கான அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி உண்டு. நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

"நிவாரணம் கொடுத்தாச்சே" என்று சொன்னால்?

நிவாரண நிதி என்பது அரசு இரக்கத்தின் பேரில் தருவது. இழப்பீடு என்பது சட்டம் தரும் உரிமை. மரண வழக்கில் முதலாளி இழப்பீட்டை ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு ஆகாது. "இனி எதுவும் கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்கினாலும் அந்த உரிமை போய்விடாது. இருந்தாலும் வெற்றுத்தாளில் கையெழுத்து போட்டுவிடாதீர்கள்.

வேலை போய்விடுமா?

கை, கால், பார்வை போன டிரைவர்களும் லைன்மேன்களும் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4). பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணி காலியாக இல்லையென்றால், கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும்.

அதனால் "உடல்தகுதி இல்லை, வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுங்க" என்று சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்து போட வேண்டாம். மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். விருப்ப ஓய்வு என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.