பால்காரர் மீட்ட பழஞ்சுவை

பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசல்ஸிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர் உண்டு. கோதுமை வயல்களின் நடுவே அமைந்த அமைதியான ஊர். 1957ஆம் ஆண்டில், அவ்வூரில் தொம்சின் என்னும் குடும்பத்தார் நடத்திவந்த பியர் ஆலை மூடப்பட்டது. ஓர் ஆலை மூடப்படுவது உலகத்தில் நடவாத காரியமன்று. ஆனால் அந்த ஆலையுடன் ஒரு சுவையும் மூடப்பட்டது. ஹூகார்டனின் வெண் பியரை ஆக்கிவந்த கடைசி ஆலை அதுதான்.

மதுவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என்ன பேச்சு என்று முகஞ் சுளிக்கும் தாய்மார் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எவரையும் கிண்ணம் எடுக்குமாறு நாம் அழைக்கவில்லை. ஓர் ஊரின் கைப்பாகம் எவ்வாறு மறைகின்றது, மறைந்ததை மீட்டெடுத்தால் அது யாருக்கு உரியதாகின்றது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம். அது தோசைக்கும் பொருந்தும், பனாட்டுக்கும் பொருந்தும். பியருக்கு நேர்ந்த கதை நன்கு தெரிந்த கதையாதலால் அதனைச் சொல்கின்றோம்.

முதலில் அந்தப் பானம் யாதெனப் பார்ப்போம். சாதாரண பியர் என்பது, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இறக்கிய சாற்றை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறிய பின் மதுவம் இட்டுப் புளிக்கவைப்பது. ஹூகார்டன்காரரோ வாற்கோதுமையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு முளைகட்டாத பச்சைக் கோதுமையைச் சேர்த்தனர்; சிறிதளவு ஓட்ஸும் இட்டனர். பச்சைக் கோதுமையின் புரதமும், வடிகட்டாது விடப்பட்ட மதுவமும் சேர்ந்து பானத்தைக் கலங்கலாக்கும். வெயிலிற் பிடித்துப் பார்த்தால் அரிசி களைந்த தண்ணீரிற் சிறிது மஞ்சள் கலந்தது போலிருக்கும். வெண் பியர் என்ற பெயர் அதனால் வந்தது.

கொதிக்கும் சாற்றில் இரண்டு சரக்குகளும் விழும். ஒன்று, இடித்த கொத்தமல்லி. ஆம், தடிமன் காய்ச்சல் கண்டால் இஞ்சியுடன் அவித்து நம் வீடுகளிற் குடிக்கக் கொடுக்கின்றோமே, அதே மல்லிதான். மற்றது குராசோ தோடம்பழத்தின் உலர்ந்த தோல். குராசோ என்பது கரிபியன் கடலிலுள்ள ஒரு தீவு. ஸ்பானியர் அங்கே கொண்டுபோய் நட்ட தோடை, அந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்கவொண்ணாத கசப்புப் பழத்தையே தந்தது. எனினும் அதன் தோலில் ஓர் அரிய மணம் ஏறிற்று. 1634இல் ஒல்லாந்தர் அத்தீவைக் கைப்பற்றினர். (அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.) கடல் கடந்த சரக்குகளை ஐரோப்பாவின் வடபகுதியெங்கும் பரப்பியவை அவர்களுடைய கப்பல்களே. குக்கிராமத்துப் பானமொன்றில் தூரதேசத்துத் தோடந்தோல் மணந்தது அதனாற்றான்.

சுவை எப்படி? முதல் மிடற்றில் மெல்லிய புளிப்பு; பின்னர் தோடையின் வாசம்; விழுங்கியபின் நாவின் அடியில் மல்லியின் மணம். கசப்பு மிகக் குறைவு. மதுசாரமும் மிகுதியன்று; நூற்றுக்கு ஐந்து அளவு. போத்தலினுள்ளும் மதுவம் உயிரோடிருப்பதால், பழகியவர்கள் முக்காற் பங்கை ஊற்றியபின் போத்தலை மெல்லச் சுழற்றி, அடிமண்டியையும் கலக்கி ஊற்றுவார்கள். தெளிந்த பானமே சிறந்த பானம் என்று எண்ணுவோருக்கு இது விநோதமாகத் தோன்றும்.

அந்த எண்ணமே இந்தப் பானத்துக்கு எமனாக வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹூகார்டனில் முப்பதுக்கு மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில், பவேரியராகிய ஜோசப் குரோல் என்பவர் பொன்னிறமான தெளிந்த பியரை ஆக்கினார். கண்ணாடிக் கிண்ணத்தில் அது கொள்ளை அழகு. புகையிரதம் அதனை ஊரூராகக் கொண்டுசென்றது. குளிரூட்டும் இயந்திரம் அதனை எப்பருவத்திலும் ஆக்க உதவியது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன், ஒரே வகை மதுவத்தைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் வித்தையைக் கண்டார். நேற்றைய பியரும் இன்றைய பியரும் ஒரே சுவையாயிருக்கலாம் என்ற நிலை அதன்பின் உண்டாயிற்று. இதனை விஞ்ஞானத்தின் வெற்றி என்று நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் ஊருக்கு ஊர் வேறுபட்ட பானங்கள் அதன் முன் நிற்க முடியவில்லை. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தைப் பிடித்த ஜெர்மானியர், ஆலைகளின் செப்புக் கொப்பரைகளை உருக்குவதற்கென எடுத்துச் சென்றனர். சிறிய ஆலைகள் பல மீண்டும் எழவேயில்லை. 1957இல் தொம்சின் ஆலையும் போயிற்று.

அந்த ஆலைக்கு அயல் வீட்டில் வளர்ந்தவர் செலிஸ் என்னும் பால்காரர். (அவருடைய முதற் பெயர் பியேர், பியருக்கென்றே வைத்தது போல அமைந்த பெயர்.) 1925இற் பிறந்த அவர், சிறு பிராயத்தில் தொம்சின் ஆலைக்குட் போய்க் கையுதவி செய்தவர். கோதுமை எவ்வளவு, மல்லி எப்போது, தோல் எப்போது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த அறிவு. ஆலை மூடிய பின் அவர் பாலூற்றிக்கொண்டேயிருந்தார். அக்காலத்தில் நண்பர்கள் கூடினால், ஊர்ப் பியர் போய்விட்டதே என்ற பேச்சு அடிக்கடி எழுமாம். பேச்சோடு விட்டிருந்தால் அவரைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. 1965இல், நாற்பதாம் வயதில், அதனைத் தாமே ஆக்கிப் பார்ப்பதெனத் துணிந்தார். வீட்டில் துணி அவிக்கும் கொப்பரையிலேதான் முதற் சோதனை நடந்தது என்பர். தந்தையிடம் கடன் பெற்று, வேறோர் ஊரில் மூடப்பட்ட ஆலையின் தளபாடங்களை வாங்கி, 1966இல் ஊரில் மீண்டும் வெண் பியரை விற்பனைக்கு விட்டார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1957க்கும் 1966க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். தொம்சினின் பியரைக் குடித்த நாவுகள் அப்போது ஊர் நிறைய இருந்தன. "இது அதுதான்" என்றோ "இதில் ஏதோ குறைகிறது" என்றோ சொல்ல ஆளிருந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தால் செய்பவருக்கும் நினைவு மங்கியிருக்கும். குடிப்பவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமிராது. கிடைத்ததையே பழஞ்சுவை என்று நம்பியிருப்பர். பாட்டி போனபின் அவருடைய கைப்பாகத்தைத் தேடும் எந்தக் குடும்பத்துக்கும் இது விளங்கும்.

செலிஸின் பியர் பெருகிற்று; முதலில் ஊரார், பின்னர் இளைஞர், பின்னர் பிறநாட்டார் அதனை நாடினர். 1970களின் இறுதியில் அவர் ஊரிலிருந்த பழைய லெமனேட் தொழிற்சாலையொன்றை வாங்கி ஆலையை அங்கே மாற்றினார். 1977இல் வெளியான தமது பியர் வழிகாட்டி நூலால் பெல்ஜியத்துப் பானங்களை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் மைக்கல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர். (பாடகரல்லர்.) நம் நுவரெலியாவில் ஆக்கப்பட்ட லயன் ஸ்டவுட் என்னும் கரும்பியரைப் புகழ்ந்தெழுதியவரும் அவரே. நமது மலைநாட்டிலும் இப்படியொன்று உண்டென்று பிறநாட்டார் சொல்லித்தான் நம்மவர் பலர் அறிந்தனர் என்பது தனிக்கதை.

1985இல் செலிஸின் ஆலையிற் பெருந்தீ மூண்டது. காப்புறுதி போதவில்லை. கட்டியெழுப்பப் பணம் வேண்டும். பணம் தர முன்வந்தது லூவன் நகரத்துப் பெரிய நிறுவனமாகிய ஆர்த்துவா. கைம்மாறாக ஆலையில் அது பங்கு பெற்றது. விரைவில் அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து இன்டர்புரூ ஆயிற்று. செய்முறையை மாற்றுமாறு தம்மை நெருக்கினர் என்பது செலிஸ் பின்னாளிற் சொல்லிவந்த குறை. அவர் எஞ்சிய பங்கையும் விற்றுவிட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

வயது அறுபதைக் கடந்தவர், டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் 1992இல் புதிய ஆலை தொடங்கினார். அவ்விடத்தின் சுண்ணக்கல் நீர் ஹூகார்டனின் நீரை ஒத்தது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. "செலிஸ் வைற்" என்ற பெயரில் அங்கே ஆக்கியது அதே கோதுமை, அதே மல்லி, அதே தோடந்தோல். அமெரிக்கர் அதனைப் பெரிதும் விரும்பினர். 1995இல் மேன் மாநிலத்தில் தொடங்கிய அலகாஷ் ஆலை பெல்ஜிய முறை வெண் பியரையே தன் முதற் பியராகக் கொண்டது. ஜப்பானின் கியூச்சி ஆலையும் மல்லியும் தோடந்தோலும் இட்டு ஒரு வெண் பியர் ஆக்குகின்றது. ஒரு பால்காரரின் ஞாபகம் கடல்களைத் தாண்டிற்று. ஆயினும் பழைய கதையே திரும்பவும் நடந்தது. 1995இல் மில்லர் என்னும் பெருநிறுவனம் ஒஸ்ரின் ஆலையிற் பெரும் பங்கை வாங்கியது; சில ஆண்டுகளில் ஆலையை மூடிவிட்டது. செலிஸ் என்ற குடும்பப் பெயரும் வணிகக் குறியாக மூன்றாமவர் கைக்குப் போயிற்று. அதனை மீட்டு, 2017இல் அவர் மகள் ஒஸ்ரினில் மீண்டும் ஓர் ஆலை திறந்தபோது தந்தை உயிருடன் இல்லை.

ஊர்ப் பானம் எல்லாம் இப்படிப் பெயர்த்துக்கொண்டு போகக்கூடியதா என்றால், இல்லை. பிரசல்ஸை அடுத்த சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. அதற்கு மதுவம் இடுவதேயில்லை. குளிர்மாத இரவுகளில் சாற்றை அகன்ற தட்டுப்போன்ற பாத்திரத்தில் மேல்மாடியிற் பரப்பிவிடுவர். நம் பனங்கள் போல அது தானே புளிக்கும். காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் உறையும் காட்டு மதுவங்கள் அந்த வேலையைச் செய்யும். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பீப்பாயிற் கிடந்து முதிரும். பிரசல்ஸில் 1900இல் தொடங்கிய காந்தியோன் ஆலையிற் சிலந்தி வலையைக்கூட அடிக்கமாட்டார்கள். பழத்துக்கு வரும் பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். அந்த ஆலையைப் பெட்டியில் அடைத்து டெக்சாஸுக்குக் கொண்டுபோக இயலுமா? வெண் பியரோ மனிதரின் கையோடு போகக்கூடியது. அதனாலேயே அதன் சுவை ஓரிடமும், பெயர் ஓரிடமும், ஊர் ஓரிடமுமாகப் பிரிய நேர்ந்தது.

ஹூகார்டன் ஊரார் இதனை 2005இல் நேரிலே கண்டனர். இன்டர்புரூ அப்போது இன்பெவ் என்று பெயர் பெற்றிருந்தது. அவ்வாண்டு நவம்பரில், ஹூகார்டன் ஆலையை மூடிவிட்டு, லியேஜ் நகருக்கு அருகே ஜூபீல் என்னுமிடத்திலுள்ள தனது பெரிய ஆலையில் வெண் பியரை ஆக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. போத்தலில் ஹூகார்டன் என்றே எழுதியிருக்கும். ஊரில் ஒரு துளியும் ஆகாது. ஊரார் கொடி பிடித்து வீதிக்கு வந்தனர். ஜூபீலில் அதே சுவை கைகூடவில்லை என்றும் அப்போது பேசப்பட்டது. இதற்கிடையில் பிறநாடுகளில் தேவையும் உயர்ந்தது. 2007 செப்டெம்பரில் நிறுவனம் தன் எண்ணத்தைக் கைவிட்டு, ஆலை ஹூகார்டனிலேயே இருக்கும் என அறிவித்தது.

செலிஸ் அதற்குமுன்னரே பெல்ஜியத்துக்குத் திரும்பிவிட்டார். 2011 ஏப்ரலில், 86ஆம் வயதில் அவர் காலமானபோது ஊர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதன் போத்தலில் ஊரின் பெயர் இருந்தது. அவருடைய பெயரைத் தாங்கிய வெண் பியரோ பெல்ஜியத்தின் வேறோர் ஊரில், வேறொருவர் ஆலையில் ஆக்கப்பட்டது.